குளிர்காற்று வந்த குழாய்

அன்று காலை எட்டரை மணிக்குள் மார்லிஸ் கெட்டோலா முப்பது பேருக்குப் பதில் சொல்லி முடித்திருந்தாள். வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு. இரும்புச் சுரங்கத்தை நம்பி இருக்கிற அந்த வடக்கு மினசோட்டா ஊரில் ஜனவரிக் குளிர் யாருக்கும் புதிதல்ல. ஆனால் நான்கு நாளாக இறங்கியது இறங்கியபடியே நிற்கிற குளிர் வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ்களைச் சும்மா விடாது. ஓயாமல் எரிந்து எரிந்து ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்தும். அப்போது எல்லோரும் கூப்பிடுவது டெல்மர் ப்ரோசிச்சின் ஹீட்டிங் கம்பெனியை. அங்கே போனை எடுப்பது மார்லிஸ்.

பதினோரு வருஷமாக அதே நாற்காலி. அதற்கு முன் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். ஃபர்னஸைத் தன் கையால் ஒருநாளும் கழற்றியதில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி, எந்தக் கேள்விக்கும் யோசிக்காமல் பதில் வரும் அளவுக்குத் தேறியிருந்தாள். ஃபில்டரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் என்ன அர்த்தம், காஸ் கசிந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் முதலில் எதைத் தொடக் கூடாது, எல்லாம் அத்துப்படி. "நீ ஃபர்னஸ் டாக்டர்" என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

எட்டு நாற்பதுக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். இளம் குரல், சளி பிடித்துக் கட்டியிருந்தது.

"ஃபர்னஸ் நல்லாத்தாங்க ஓடுது. ரிப்பேர் இல்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

மார்லிஸின் முன்னால் போனில் நான்கு விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. நான்கும் வீட்டில் சூடு இல்லாமல் காத்திருக்கிறவர்கள். "கேளுங்கம்மா."

"பேஸ்மென்ட்ல, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல, கை தண்டி ஒரு குழாய் தொங்குது. அதுலேருந்து குளிர்காத்து கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. நேத்து தண்ணிக் குழாயே உறைஞ்சு போச்சு. அதுக்குள்ள எதையாவது திணிச்சு வெச்சா தப்பா?"

"துணி காயவைக்கிற டிரையரோட குழாயா?"

"தெரியலை. குனிஞ்சு பாக்க முடியலை, வயிறு இடிக்குது."

ஐந்தாவது விளக்கும் மின்ன ஆரம்பித்தது. உள்ளறையிலிருந்து டெல்மர், "சூடு இல்லாதவங்களை முதல்ல எடு மார்லிஸ்!" என்று கத்தினார்.

"பழைய டிரையர் குழாயா இருக்கும். இப்போதைக்கு ஒரு துணியை வெச்சு அடைச்சுக்கோங்க. குளிர் குறைஞ்சதும் ஆள் அனுப்பறேன்" என்றாள் மார்லிஸ். அந்தப் பெண் நன்றி சொன்னாள். மார்லிஸ் அடுத்த பொத்தானை அழுத்தினாள். பேரும் கேட்கவில்லை, நம்பரும் எழுதவில்லை.

பத்து மணிக்கு ஆர்வோ லாம்பி உதிரிப் பாகம் எடுத்துப்போக உள்ளே வந்தார். அறுபது வயது மெக்கானிக், மீசையெல்லாம் பனிக்கட்டி. காபியை ஊற்றிக்கொண்டே முணுமுணுத்தார்.

"படிச்ச மனுஷன் மார்லிஸ், ஹைஸ்கூல் வாத்தியார். வெளிக்காத்துக் குழாயில ஒரு தலையணையைத் திணிச்சு வெச்சிருக்கான். ஏன்யான்னு கேட்டா, குளிருதாம். அது ஃபர்னஸோட மூக்குடா, மூக்கை அடைச்சா என்ன ஆகும்னு கேட்டேன். முழிக்கிறான். விஷவாயு மீட்டரை நீட்டினா கத்துது. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா வாத்தியாரு குடும்பத்தோட பரலோகம் கிளம்பியிருப்பாரு."

மார்லிஸின் கையிலிருந்த பேனா நின்றது.

"அந்தக் குழாய் பார்க்க எப்படி இருக்கும்?"

"உனக்குத் தெரியாததா? கை தண்டி இருக்கும். ஃபர்னஸ் பக்கத்துல சும்மா தொங்கிக்கிட்டிருக்கும்."

அவளுக்குத் தெரியும். நூறு தடவையாவது பிறருக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தக் குழாயை மட்டும் தொடாதீங்க, எரியறதுக்கு அந்தக் காத்து வேணும், இல்லைன்னா புகைபோக்கி வழியா மேலே போக வேண்டிய விஷம் வீட்டுக்குள்ளேயே திரும்பும் என்று. தெரிந்திருந்தும், ஐந்து விளக்குகளுக்கு முன்னால், வாய் தன் பாட்டுக்கு வேறொன்றைச் சொல்லியிருந்தது.

"ஆர்வோ, நான் ஒருத்தியை அடைக்கச் சொல்லிட்டேன்."

ஆர்வோ கோப்பையைக் கீழே வைத்தார். "யாரை?"

"தெரியலை."

"எப்போ?"

"எட்டு நாப்பது. ஒன்றரை மணி நேரம் ஆச்சு." அப்போதுதான் இன்னொன்றும் அவள் காதில் திரும்ப ஒலித்தது. குனிஞ்சு பாக்க முடியலை, வயிறு இடிக்குது. "கர்ப்பமா இருக்கா ஆர்வோ. ஐயோ கடவுளே, அவ கர்ப்பமா இருக்கா."

மேசைப் போன் கடைசியாக வந்த இருபது நம்பர்களை மட்டும்தான் வைத்திருக்கும். எட்டு நாற்பதுக்குப் பிறகு ஐம்பதுக்கும் மேல் வந்துவிட்டன. ஆனாலும் அவள் அந்த இருபதையும் ஒருமுறை உருட்டிப் பார்த்தாள், அதிசயம் ஏதாவது நடந்துவிடாதா என்று. போன் கம்பெனியில் ஒரு மரியாதையான குரல், விவரத்தை மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றது. 911 அவசர உதவியில் எடுத்த பெண் கொஞ்சம் நெருக்கமாகப் பேசினாள். "போன் கம்பெனிக்கு இங்கேருந்து அவசர விண்ணப்பம் அனுப்பறேன். ஆனா ஒரு மணி நேரமாவது ஆகும் மார்லிஸ். ஃபயர் வண்டி தயாரா நிக்கும். முகவரி இல்லாம எந்தத் தெருவுக்கு அனுப்பட்டும் சொல்லு."

ஒரு மணி நேரம். அந்தப் பெண்ணுக்கு இப்போதே தலை வலிக்க ஆரம்பித்திருக்கும். சளியால்தான் என்று நினைத்திருப்பாள். கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று போர்வையை இழுத்து மூடியிருப்பாள். சளியும் அந்த விஷமும் முதல் ஒரு மணி நேரத்தில் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். படுத்தவள் எழுந்திருக்க மாட்டாள்.

"பழைய பில்லையெல்லாம் பார்க்கலாமா? வாஷிங் மெஷின் பக்கத்துல ஃபர்னஸ் இருக்கிற வீடு?" என்றாள்.

"ஊர்ல பாதி வீடு அப்படித்தான்" என்றார் ஆர்வோ. அவர் ஏற்கனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "நான் வண்டியை ஸ்டார்ட்ல வெச்சு உக்காந்திருக்கேன். தெரு தெரிஞ்ச நிமிஷம் கூப்பிடு."

மூலையில் வானொலி எப்போதும் போல மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூர் நிலையத்தில் பத்து முதல் பதினொன்று வரை வாங்குவது விற்பது நிகழ்ச்சி. அறிவிப்பாளர் க்ளென் டால் மீன் பிடிக்க ஏரி ஐஸைத் துளைக்கும் யாரோ ஒருவருடைய இயந்திரத்தை அறுபது டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார். ஊரில் சமையலறை, கடை, சுரங்கத்துப் பட்டறை எதிலும் அந்த நேரத்தில் அது ஓடாமல் இருக்காது.

மார்லிஸ் ரிசீவரை எடுக்கக் கை நீட்டினாள். டெல்மர் அறையிலிருந்து வந்து அதன் மேல் கையை வைத்தார்.

"என்ன பண்ணப் போறே?"

"ரேடியோவுல சொல்லப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? நம்ம கம்பெனி தப்பா சொல்லிடுச்சுன்னு ஊருக்கே நீயே மைக் போட்டுச் சொல்வியா? நாளைக்கு வக்கீல் வாசல்ல நிப்பான். முதல்ல நான் இன்ஷூரன்ஸ்காரனைக் கேக்கறேன்."

"டெல்மர், கையை எடுங்க."

"அவ அடைக்காமலேயே இருந்திருக்கலாம். யார் கண்டது? பத்து நிமிஷம் பொறு."

"பத்து நிமிஷம் அவகிட்ட இல்லை."

அவர் கையை எடுக்கவில்லை. மார்லிஸ் தன் கைப்பையிலிருந்து சொந்தப் போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை க்ளென் டாலே எடுத்தார். நேரடி ஒலிபரப்பு.

"வாங்க, என்ன விக்கறீங்க?"

"க்ளென், நான் ஒண்ணும் விக்கலை. என் பேரு மார்லிஸ் கெட்டோலா. ப்ரோசிச் ஹீட்டிங்ல போன் எடுக்கறவ. தயவு செஞ்சு என்னை வெட்டிடாதீங்க. இன்னிக்குக் காலையில எட்டு நாப்பதுக்கு ஒரு பொண்ணு கூப்பிட்டா. பேஸ்மென்ட்ல குளிர்காத்து வர்ற குழாயை அடைக்கலாமான்னு கேட்டா. நான் அடைன்னு சொன்னேன். அது தப்பு. நான் சொன்னது முழுக்க முழுக்கத் தப்பு. அம்மா, நீ கேட்டுக்கிட்டிருந்தா, துணியை எடுக்கக் கீழே போகாதே. எதையும் எடுக்காதே. அப்படியே கதவைத் திறந்து வெளியே வந்துடு. பக்கத்து வீட்டுக்குப் போ, அங்கேருந்து 911ஐக் கூப்பிடு. உனக்குத் தலை வலிக்குதுன்னா அது சளி இல்லை. மத்தவங்களும் கேளுங்க, அவ வயித்துல குழந்தை இருக்கு. சளி பிடிச்சிருக்கு. இப்படி ஒரு பொண்ணை யாருக்காவது தெரிஞ்சா, உங்க மகளா, மருமகளா, பக்கத்து வீட்டுக்காரியா இருந்தா, இப்பவே போய்க் கதவைத் தட்டுங்க. தயவு செஞ்சு தட்டுங்க."

க்ளென் டால், "கேட்டீங்கல்ல, ஊரே. போங்க" என்றார். அவள் சொன்னதைத் தன் வாயால் இரண்டு தடவை திருப்பிச் சொன்னார்.

டெல்மர் ரிசீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எடுத்த கணமே அது அடித்தது.

முதலில் வந்தது ஒரு கிழவர். "என் குழாயில நாலு வருஷமா ஒரு கம்பளிச் சட்டை இருக்குதே. நான் செத்துட்டேனா இன்னும் இல்லையா?" சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மார்லிஸ் அவரை எதிர்வீட்டுக்கு அனுப்பினாள். அடுத்தது ஒரு தாய்: "விஷவாயு அலாரம் நேத்து ராத்திரி பூரா கத்துச்சு, பேட்டரி கெட்டுப்போச்சுன்னு கழட்டி டிராயர்ல போட்டுட்டேன். அது பேட்டரி இல்லையா?" இல்லம்மா, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெளியே போ. வெளியே கூட்டிப் போனால் உறைந்துபோவார்களே என்றாள் தாய். காரில் உட்காரவை, காரை ஷெட்டை விட்டு வெளியே எடுத்துவிட்டு. இன்னொருவர் வெளிச்சுவரில் ஃபர்னஸ் புகை வெளியேறும் வெள்ளைக் குழாயைப் பனி மூடிவிட்டது, பரவாயில்லையா என்றார். போலீஸ்காரர் ஒருவர் தன் சொந்த வீட்டைப் பற்றிக் கேட்டார். ஐந்து விளக்கும் மின்னின. அவள் இப்போது ஒவ்வொருவரிடமும் பேர், நம்பர், தெரு எல்லாம் கேட்டாள். நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், திருப்பிச் சொல்ல வைத்தாள். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அந்தச் சளிக் குரலாக இருக்காதா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள். இல்லை. இல்லை. அதுவும் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது டெல்மர் இன்னொரு போனை எடுத்திருந்தார். "ஆமாங்க, வெளியே வாங்க, துணி எங்கேயும் போகாது, முதல்ல நீங்க வெளியே வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து ஐம்பதுக்கு ஓர் ஆண் குரல். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"என் பேரு கோரி ரட்கோவிச். சுரங்கத்துல லாரி பட்டறையிலேருந்து பேசறேன். ரேடியோவுல பேசினது நீங்கதானே? என் பொண்டாட்டி காலையில மெசேஜ் அனுப்பியிருந்தா, பழைய போர்வையைக் கிழிச்சுக்கவான்னு. நான் என்னத்துக்குன்னு கூடக் கேக்கலை, சரின்னுட்டேன். இப்போ கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறா. எட்டுத் தடவை கூப்பிட்டுட்டேன்."

"அவங்களுக்குச் சளியா?"

"ஆமா."

"எத்தனை மாசம்?"

"அஞ்சு." அவன் குரல் சட்டென்று சிறுத்துப்போயிற்று. "அவதானா? அவதானே?"

"வீடு எங்கே கோரி?"

"சுரங்கத்தோட பழைய குடியிருப்பு, மூணாவது தெரு. பச்சை வீடு, ஒண்ணே ஒண்ணுதான் பச்சை."

மார்லிஸ் சொல்லச் சொல்ல டெல்மர் 911க்கு அதையே ஒப்பித்தார். சொந்தப் போனில் அவள் ஆர்வோவைக் கூப்பிட்டாள். அவர் நின்ற இடத்திலிருந்து குடியிருப்பு ஐந்து நிமிஷத் தொலைவுதான். ஃபயர் வண்டி ஊரின் மறுகோடியிலிருந்து வர வேண்டும், சாலை முழுக்கக் கண்ணாடி போல் ஐஸ்.

"போனை வைக்காதீங்க ஆர்வோ."

"வைக்கலை. பேசாம இரு."

எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு வண்டிக் கதவு. பனியில் பூட்ஸ் நறநறத்தது. "பக்கத்து வீட்டுக்காரரே, இங்கே வாங்க! இந்தக் கதவுல ஒரு கை கொடுங்க!" தட்டுகிற சத்தம், இடிக்கிற சத்தம், மரம் பிளக்கிற சத்தம். உடனே ஆர்வோவின் இடுப்பு மீட்டர் வீறிட ஆரம்பித்தது. அந்த ஓலத்தை மார்லிஸ் பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள். அப்போது எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஆர்வோ, உள்ளே போகாதீங்க. ஃபயர்காரங்க வரட்டும். மாஸ்க் இல்லாம போகாதீங்க." சொன்னது அவள்தான். சொல்லும்போதே அவர் போக வேண்டும் என்று மனசு கதறியதும் அவளுக்குத்தான்.

போனை வாசலிலேயே விட்டுவிட்டார் போல. ஓலம் மட்டும் தூரமாகிக்கொண்டே போயிற்று. ஏதோ உருண்டு விழுந்தது. கண்ணாடி உடைந்தது. அவள் எண்ணினாள். பத்து. இருபது. முப்பத்தைந்து. நாற்பதுக்குப் பிறகு எண் வரவில்லை. இன்னொரு கையிலிருந்த ரிசீவரில் கோரி இன்னமும் இணைப்பில் இருந்தான். "என்ன ஆச்சு? என்ன ஆச்சுங்க? சொல்லித் தொலைங்களேன்!" என்று அவன் கத்திக்கொண்டிருந்தான்.

பிறகு இருமல். பெரிய, கிழிகிற இருமல். ஆர்வோவுடையது.

"சோபாவுல கிடந்தா" என்றார். மூச்சு வாங்கியது. "வெளியே இழுத்துட்டோம். என் கோட்டுக்குள்ள சுத்தி வெச்சிருக்கேன். முகமெல்லாம் விஷம் ஏறிச் செக்கச்செவேல்னு இருக்கு."

"மூச்சு?"

"பொறு."

பொறுத்தாள்.

"மூச்சு இருக்கு. மார்லிஸ், மூச்சு இருக்கு. இப்போ குறுக்கே பேசாதே, வண்டி வந்துடுச்சு."

கோரியிடம் அதைச் சொல்லி முடித்தபோது அவன் ஏற்கனவே போனைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருந்தான். பட்டறையின் இரைச்சல்தான் அவள் சொன்னதைக் கேட்டது.

அவளைக் கொண்டுபோயிருந்த டுலூத் ஆஸ்பத்திரிக்கு மார்லிஸ் போனபோது மணி இரண்டு. போகாதே என்று டெல்மர் சொன்னார், கெஞ்சியே சொன்னார். கோரி ரட்கோவிச் நடைவழியில் நின்றுகொண்டிருந்தான். வேலை பூட்ஸ், ஆரஞ்சு நிற மேலுடுப்பு, தாடியெல்லாம் கிரீஸ். முப்பது வயதுகூட இருக்காது.

"நான்தான் மார்லிஸ்" என்றாள்.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "மினியாப்பொலிஸ் கொண்டு போறாங்க. பெரிய பிராணவாயு அறை ஒண்ணு இருக்காம், அதுக்குள்ள வைக்கணுமாம். கண்ணைத் திறந்தா. என்னை யாருன்னு தெரியலை அவளுக்கு." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "குழந்தைக்குத் துடிப்பு இருக்கு. இருக்குன்னு மட்டும்தான் சொல்றாங்க. மூளைக்கு என்ன ஆச்சுன்னு பொறந்தாத்தான் தெரியுமாம். பொறந்தும் வளர்ந்தாத்தான் தெரியுமாம்."

"கோரி, நான்..."

"ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? ஒழுங்கா யோசிச்சுச் சொல்றதுக்கு?"

"ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது."

அவள் சாக்கு சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தான் போலும். கோபத்தைக் கொட்ட இடமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றான். "போயிடுங்க. ரேடியோவுல சொன்னதுக்காக உங்களை அடிக்காம விடறேன். போயிடுங்க" என்றான். அவள் போனாள். காரில் ஏறி, ஸ்டீரிங்கின் மேல் தலையை வைத்து, கண்ணாடிகளின் உட்புறமெல்லாம் உறைபனி படியும் வரை அழுதாள்.

டெல்மர் அவளை நீக்கவில்லை. அன்று தெருத்தெருவாக ஒன்பது வீடுகளில் துணியையும் தலையணையையும் உருவியெடுத்தார்கள். ஊரில் அது நல்லபடியாகவே பேச்சானது. ஆனால் வக்கீல் கடிதமும் வந்தது, இன்ஷூரன்ஸ்காரர்கள் அவளை மூன்று முறை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னாள். பிறகு அவளே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். தூக்கம் மட்டும் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கடையில் அறிந்தவர்கள் எதிர்ப்பட்டால் அடுத்த வரிசைக்கு ஒதுங்கிப் போனாள்.

ஏப்ரலில், பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு மதியம், போன் அடித்தது. சளி இல்லாத குரல். அதனால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"மார்லிஸா? நான் ஜொலீன் ரட்கோவிச். வீட்டுல யாருக்கும் தெரியாமக் கூப்பிடறேன்."

மார்லிஸ் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. முந்தின ராத்திரி டிவி பாத்தது வரைக்கும் இருக்கு, அப்புறம் ஆஸ்பத்திரிதான். கோரி எதுவும் சொல்ல மாட்டேங்கறான். அவங்கம்மா சொல்றாங்க, யாரையும் கேக்காம நீயா போய் அடைச்சே, பேரக் குழந்தையை நீதான் கொல்லப் பாத்தேன்னு. வக்கீல் காகிதத்துல வேற மாதிரி இருக்காமே, அதெல்லாம் காசுக்காக எழுதறதுன்னு சொல்றாங்க. நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க. எதையும் விடாதீங்க."

மார்லிஸ் சொன்னாள். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கிய குழாய் முதல், உறைந்துபோன தண்ணீர்க் குழாய், இடித்த வயிறு, மின்னிய விளக்குகள் வரை. தான் சொன்ன வார்த்தைகளை, ஒன்றைக்கூட மென்மையாக்காமல்.

"அப்போ நான் கேட்டிருக்கேன்" என்றாள் ஜொலீன்.

"கேட்டீங்க. தப்பா இருக்குமான்னுதான் முதல்லயே கேட்டீங்க."

"நானா அடைக்கலை."

"இல்லைம்மா. நான் சொல்லித்தான் அடைச்சீங்க."

ஜொலீன் அழ ஆரம்பித்தாள். மூன்று மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது வெளியேறுகிற அழுகை அது. விளக்குகள் இரண்டு மின்னின, மார்லிஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இன்னும் அஞ்சு வாரம் இருக்கு" என்றாள் ஜொலீன் கடைசியில். "உதைக்கிறான். நல்லாத்தான் உதைக்கிறான். உங்களை மன்னிச்சேனான்னு கேட்டுடாதீங்க. எனக்கே தெரியலை."

"கேக்க மாட்டேன்."

"சரி" என்றாள் ஜொலீன். ஆனால் போனை வைக்கவில்லை. மார்லிஸும் வைக்கவில்லை.